பொடி ஒட்டும் இடம்

முதல் தாளின் மேல் வெள்ளைப் பொடியைத் தூவி, தாளைச் சாய்த்து, அடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். பொடி முழுவதும் வழுக்கி, கீழே விரித்திருந்த பழைய காலண்டர் தாளில் விழுந்தது. கருநீலத் தாள் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஓர் எழுத்துகூட எழவில்லை. சரி, இது இல்லை என்று இரண்டாவதை எடுத்தேன். அதிலும் பொடி நிற்கவில்லை. மூன்றாவதில் தூவும்போது சிரிப்பு வந்தது. நாம் தேடுவது மட்டும் எப்போதும் கடைசியில்தானே கிடைக்கும். நான்காவது தாளிலும் பொடி சரிந்து விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேஜையில் வேறு தாள் இல்லை. காலையில் நான் வெட்டி வைத்தவை ஐந்து.

இதில் பதற என்ன இருக்கிறது என்று தெரிய, அந்தப் பொடி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சில வாழ்த்து அட்டைகளில் எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக எழும்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு மை இருக்கிறது. மை என்று சொல்வதுகூடச் சரியில்லை; நிறமே இல்லாத ஒரு பிசுபிசுப்பு, அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்பை அதில் ஒற்றித் தாளில் குத்தினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிறகு மாவு மாதிரி நைசான பிளாஸ்டிக் பொடியைத் தூவ வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் பொடி பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்தில் நிற்காது. அப்புறம் ஹீட் கன்னால் மேலே சூட்டைக் காட்டினால், பத்து எண்ணுவதற்குள் பொடி உருகிப் பளபளவென்று எழுத்தாக நிற்கும். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பத்து நொடிகளுக்காகத்தான் அட்டை செய்ய உட்காருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். கடையில் வாங்கும் மை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று நானே அதில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு வைத்திருந்தேன். கிளிசரின் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இன்று குத்தியது நாளையும் பிசுபிசுக்கும். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஐந்து தாள்களும் தெருமுனைப் பூக்கடைக்காரருக்காக வெட்டியவை. மலர்வளையத்தோடு வைத்துக் கொடுக்க அவர் அட்டை கேட்டிருந்தார். 'உங்களை இழந்து வாடுகிறோம்' என்ற ஒரே வரி, கருநீலத்தில் வெள்ளை எழுத்து. வேறு அலங்காரம் வேண்டாம். "பூவை நான் பாத்துக்கறேன், நீங்க எழுத்தை மட்டும் பாருங்க" என்பது அவருடைய கிண்டல். காலையில் முதல் தாளில் அந்த வரியைக் குத்தி, ஸ்டாம்பைத் தூக்கிய நேரத்தில் போன் அடித்தது. எனக்கென்று ஒரு சட்டம் உண்டு: குத்திய தாளைப் பொடி தூவாமல் கீழே வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததைக் கீழே வைத்தால் அது எங்கே போகிறது என்றும் தெரியாது. பத்து வருஷமாக மீறாத சட்டம். போனில் அத்தான் பெயர் தெரிந்ததும் தாளை மற்ற தாள்களோடு வைத்துவிட்டு எடுத்தேன்.

"மச்சான், அக்காவைப் பாக்கணும்னா இப்பவே கிளம்பு. பத்து மணிக்கு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அப்புறம் நாலு மணிக்குத்தான் விடுவாங்க" என்றார். எப்போதும் பேச்சுக்கு முன்னால் ஒரு சீண்டல் வைப்பவர். அன்று வைக்கவில்லை. அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். வால்வு என்றால் என்ன என்று போன வாரம் அவளுக்கு நான் அட்டை வெட்டிக் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் இரண்டு கதவுகள். ரத்தம் தள்ளினால் திறந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். உனக்கு அந்தச் சாத்துதல் சரியில்லை, அவ்வளவுதான் என்றேன். "சார், பாடம் போதும், மணி அடிச்சாச்சு" என்றாள். அவள் கணக்கு டீச்சர். டாக்டர் எங்களை உட்காரவைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நன்றாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொன்னபோது, "மீதி நாலு பேரோட நம்பர் கிடைக்குமா சார்?" என்று கேட்டவள். டாக்டரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த நான்கு பேர் என் கூடவே இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறார்கள். லென்ஸ் தேய்க்கும்போது பின்னால் நிற்கிறார்கள்.

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு அட்டை செய்தேன். ஜன்னல் வடிவத்தில் என்னிடம் ஒரு டை உண்டு. டை என்பது ஓரம் கத்திபோல் கூராக இருக்கும் மெல்லிய உலோகத் தகடு. அதை அட்டைமேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் பலகை கொடுத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால், 'நறுக்' என்று ஒரு சத்தம். ஜன்னல் வெட்டி வந்துவிடும். இரண்டு கதவுகளும் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி மடித்தேன், அவளுக்குப் புரியும். உள்ளே ஒட்ட இருட்டு வானம் வேண்டும். மேஜையில் கருநீலத் தாள்கள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தேன். நட்சத்திர ஓட்டைகள் போட்ட ஸ்டென்சிலை வைத்து வெள்ளை மையைப் பஞ்சால் ஒற்றி, மேல் பாதியில் நட்சத்திரங்கள் போட்டேன். கீழே வெள்ளைப் பேனாவால் எழுதினேன்: 'பயப்படாதே. இந்த வாரம் நான் வாங்காத திட்டையெல்லாம் சேர்த்து அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்.' உறையில் போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கையில் கொடுத்தேன்.

"இப்பத் திறக்க மாட்டேன்டா கோந்து. நாளைக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப திறக்கறேன். இப்பத் திறந்தா மூக்கு ஒழுகும், சிஸ்டர் திட்டுவாங்க" என்றாள். சின்ன வயதிலிருந்து என் விரல்களில் பசை காய்ந்திருப்பதால் எனக்கு வீட்டில் பெயர் கோந்து.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, விட்ட வேலையைத் தொடரலாம் என்று பொடி டப்பாவைத் திறந்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நான்கு தாள்களையும் புரட்டி மறுபக்கத்திலும் தூவிவிட்டு, வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது அக்காவிடம் இருக்கிறது. என்றாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. தாளுக்கு இரண்டு பக்கம். குத்திய பக்கம் அட்டையோடு ஒட்டிப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. பாதிக்குப் பாதி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டேன். அப்புறம்தான் பேனா நினைவுக்கு வந்தது. 'பயப்படாதே' என்று எழுதும்போது நடுவில் பேனா வழுக்கியது. மை இறங்கவே இல்லை. பேனாவைக் குறை சொல்லி, உதறி, அதே எழுத்தின்மேல் இரண்டு முறை அழுத்தி எழுதினேன். அந்த மேஜையில் ஒரு பேனா அப்படி வழுக்குவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. தாளில் அந்த இடத்தில் பிசுபிசுப்பு இருந்திருக்கிறது. நான் எழுதிய வரிக்கு அடியில் அந்த வரி இருக்கிறது.

நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. ஒரு காரியத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அன்று எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது. மை, கிளிசரின், போன், கைத்தவறு, ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரித் தெளிவு. பயம் மட்டும் போகவில்லை. அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கடைசியாகப் படிக்கப்போவது என் கையால் குத்திய அந்த வரியாக இருந்தால்? அவள் படிப்பாள். விடைத்தாளைச் சாய்த்துப் பிடித்து, எங்கே அழித்திருக்கிறான், எங்கே திருத்தியிருக்கிறான் என்று வெளிச்சத்தில் கண்டுபிடிக்கிற கண் அது. பிசுபிசுப்பு காகிதத்தைக் கொஞ்சம் கறுக்க வைக்கும். நேரே பார்த்தால் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் தெரியும். அவள் எந்தத் தாளையும் நேரே பார்த்ததில்லை.

மணி இரண்டு. இன்னொரு அட்டை செய்து மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். உறைக்குள்தானே இருக்கிறது, பிரித்திருக்க மாட்டாள். அதே ஜன்னல், அதே மடிப்பு. பொடி நிற்காத நான்கு தாள்களில் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி பொடி தூவிப் பார்த்து, அதற்கு மேலும் நம்பாமல் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நட்சத்திரம் போட ஸ்டென்சிலை வைத்து ஒற்றினேன். ஸ்டென்சில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரம் மங்கிவிடும்; மூன்று நட்சத்திரங்கள் பஞ்சு பிய்ந்ததுபோல் வந்தன. கழித்தேன். இன்னொரு தாள். அதிலும் இரண்டு மங்கின. மிச்சம் இருந்தவை இரண்டு. ஸ்டென்சிலின் நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றினேன். லென்ஸ் ஓரத்தை முடியளவுக்குத் தேய்க்கிற கை இது. காலையில் அவசரத்தில் தானாக வந்தது, இப்போது எவ்வளவு பார்த்துச் செய்தும் அதே மாதிரி வரவில்லை. 'பயப்படாதே' என்று எழுதினேன். பேனா இந்த முறை எங்கும் வழுக்காமல் ஓடியது. அது சுத்தமாக ஓடியதைப் பார்த்ததும்தான் மிச்சமிருந்த சந்தேகமும் போனது.

நான்கு மணிக்கு வார்டு வாசலில் அத்தான் நின்றிருந்தார். கையில் பேப்பர் கட்டு. எதற்காக அட்டையை மாற்ற வந்தேன் என்றெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. "இருபத்தேழு இடத்துல கையெழுத்து கேக்கறாங்க மச்சான். கல்யாணத்துக்குக்கூட நான் ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்காமல் கீழே கவுண்டருக்குப் போனார்.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிக்க வைத்து, புதுப் பச்சை கவுன் போட்டு, தலைமுடியை இரண்டாகப் பிரித்துப் பின்னி விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். கழுத்திலும் முழங்கையிலும் பவுடர் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. பக்கத்துச் சின்ன மேஜையில் தண்ணீர் பாட்டில், சீப்பு, மூடி திறந்த பவுடர் டப்பா. டப்பாவின்மேல் சாய்த்து வைத்ததுபோல் கிழிந்த உறை. அட்டை அவள் மடியில் விரிந்து கிடந்தது.

"நாளைக்குத்தானே திறக்கறேன்னு சொன்ன" என்றேன்.

"நான் சொன்னா நீ நம்பிடுவியா? நீ அந்தப் பக்கம் போன, நான் இந்தப் பக்கம் பிரிச்சுட்டேன். உக்காரு. என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? ஆபரேஷன் உனக்கா எனக்கா?"

உட்கார்ந்தேன். பையில் இரண்டாவது அட்டை இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஜன்னல் நல்லா இருக்கு. வெளிப்பக்கம் மட்டும் திறக்குது, புரிஞ்சுது. உன் பாடம் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் வரும்போல." கதவுகளை விரலால் திறந்து மூடினாள். "திட்டும் வாங்கிக்கறேன்னு எழுதிட்ட. வாங்காம எங்க போவ? ஆனா பேனாதான் சரியில்லை. இந்த எடத்துல ஓடவே இல்ல, பாரு."

"ஆமா. அதான்... இன்னொண்ணு செஞ்சு கொண்டுவந்திருக்கேன். இதுல தப்பு வந்துடுச்சு. அதைக் கொடு, இதை வெச்சுக்கோ." பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே ஜன்னல், ஒரே வரி. மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை அவள் கண் போனது. முப்பது வருஷமாக விடைத்தாள் திருத்துகிற கண். பிறகு புதியதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது காப்பி அடிச்சது. பயந்துட்டே அடிச்சிருக்கான். நட்சத்திரத்தைப் பாத்தாலே தெரியுது. எனக்கு ஒரிஜினல் போதும்."

"அக்கா, சொன்னாக் கேளு. அதைக் கொடு."

"எதுக்குடா இப்படிப் பறக்கற?" பழைய அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தாள். நான் எழுந்துவிட்டேன். சாயங்கால வெளிச்சம் தாளின்மேல் படுத்துக்கொண்டு வந்தது. அவள் புருவம் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். "இங்க என்னமோ இருக்கு. நான் அப்பவே நெனச்சேன். இதோ பாரு, என் கட்டைவிரல் பட்ட எடம்."

விரலில் ஒட்டியிருந்த பவுடர் தாளில் பட்டிருந்தது. பட்ட இடத்தில், என் கையெழுத்தை உரசியபடி கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு வளைவும் ஒரு காலும் தெரிந்தன. அவள் விரலைக் கழுத்தில் தடவிப் பவுடரை எடுத்து அந்த இடத்தில் மெதுவாகத் தேய்த்தாள். நான் தினமும் செய்கிற வேலை. எனக்கு அலுக்காத வேலை. கருநீலத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. உ. ங். க. ளை.

"உங்களை!" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, அக்கா சிரித்தாள். உண்மையான சிரிப்பு, தோள் குலுங்க. இந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "மெழுகுவர்த்தி வேலை! டேய் கோந்து, அந்த வேலையை இன்னும் விடலையா நீ?"

சின்ன வயதில் நான் மெழுகுவர்த்தி நுனியால் வெள்ளைத் தாளில் எழுதி அவள் நோட்டுக்குள் வைப்பேன். எதுவும் தெரியாது. அவள் பென்சில் கரியைத் தேய்த்தால் எழுத்து வெளுப்பாகத் தெரியும். பெரும்பாலும் 'நீ ஒரு லூசு' என்று இருக்கும். அவளுக்கு ஜுரம் வந்து படுத்திருந்த நாட்களில் மட்டும் வேறு ஏதாவது எழுதுவேன். என்ன எழுதினேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

"என்னை எப்படா நீ 'உங்களை'ன்னு மரியாதையாக் கூப்பிட்ட? நாளைக்கு அறுக்கப்போறாங்கன்னதும் மரியாதை வந்துடுச்சா? சரி, உங்களை... என்ன? அப்புறம் என்ன எழுதிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா. அது வேற. அது உனக்கு எழுதினது இல்ல."

"பொய் சொல்றப்ப உன் காது அசையும். நீயே எனக்கு எழுதிட்டு, நீயே பிடுங்கிட்டுப் போறதுக்கு இன்னொண்ணு செஞ்சு கொண்டாந்திருக்க. எழுதினப்புறம் வெக்கமாப் போச்சா? எனக்கு அதுதான்டா வேணும்." சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. அட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "மத்தியானம் பூரா இதையேதான் பாத்துட்டு இருந்தேன். உன் அத்தான் கையெழுத்துப் போடப் போயிடறார், திரும்பி வந்தா சுவத்தைப் பாக்கறார். பசங்களுக்குப் போன் பண்ணா அவங்க எங்கிட்ட அழக் கூடாதுன்னு கிரிக்கெட் பத்திப் பேசறாங்க. எல்லாரும் பயப்படாதே பயப்படாதேன்னு மேலாப்புல எழுதறீங்க. அடியில ஒருத்தனாவது வேற ஏதாவது எழுதிருக்கானேன்னு இருந்துது."

அது பூக்கடைக்காரருக்கு, கைத்தவறு, போன் வந்தது, கிளிசரின் என்று எல்லாம் வரிசையாக நின்றன. சொன்னால் அந்த வரியைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவள் படித்துவிடுவாள். வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் போகும் சக்கரச் சத்தம் கேட்டது. நான்கு பேரும் கதவுக்கு வெளியே வந்து நின்றதுபோல் இருந்தது.

அக்கா அட்டையை மடியில் சமமாக வைத்தாள். எட்டிப் பவுடர் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருப்பி, ஓட்டைகள் நன்றாகத் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். "எப்படித் தூவணும்? நீதான் சொல்லித் தருவியே. மேலேருந்தா? நெறையப் போட்டுத் தட்டிவிடணும், இல்ல?"

டப்பா கவிழ்ந்தது.

என் கை முன்னே போய்விட்டது. நான் அனுப்பவில்லை; தாளுக்கும் டப்பாவுக்கும் நடுவே, உள்ளங்கை மேலாக, அது தானாகப் போய் விரிந்து நின்றது. பவுடர் அதன்மேல் புகைபோல் இறங்கிக் குவிந்தது. விரல் இடுக்குகளில் வழிந்து போர்வையில் சிந்தியது. அக்கா இன்னும் இரண்டு முறை குலுக்கிவிட்டு நிறுத்தினாள். வார்டில் பவுடர் வாசனை நிறைந்தது. நான் கையை எடுக்கவில்லை. குவிந்தது மெல்லச் சரிந்து விழுந்ததும், வியர்வையில் நனைந்திருந்த உள்ளங்கையின் ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு மடிப்பும், காலையில் டை கீறிய சின்னக் காயம்கூட, வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. ஈரம் இருந்த இடம் எல்லாம் பிடித்துக்கொண்டது, ஒரு துகள்கூட விழவில்லை.

அக்கா டப்பாவை மேஜையில் வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, மெல்லச் சாய்த்தாள். அவள் இப்போது சிரிக்கவில்லை. மடியில் கருநீலத் தாளில் ஒரே ஒரு சொல் வெள்ளையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைத்தான், மேலிருந்து கீழாக, ஒரு வரியும் விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.